எண்ணெய் வைக்காத தலையும் பேர்கரின் அலையும்

கிளினிக் கொப்பியில் டொக்டர் ‘ஈ.ஈ.ஜி’ என்று எழுதி, திகதியும் போட்டுக் கொடுத்துவிடுவார். வலிப்பு என்று சந்தேகம் வந்தால், மூளையின் மின்னலைகளைத் தலைத்தோலில் பதிந்து பார்க்கும் பரிசோதனை அது. மஸ்கெலியாவிலோ பொகவந்தலாவையிலோ இருந்து கண்டிக்கு வரவேண்டிய குடும்பம் அந்தத் திகதிக்காகச் செய்ய வேண்டிய முதல் வேலை, தலை கழுவுவது. முதல்நாள் பின்னேரம் ஷாம்பு போட்டு இரண்டு தரம் கழுவி, நன்றாகக் காயவிட்டு, அதன்பிறகு ஒரு துளி எண்ணெயும் வைக்காமல் வர வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பிள்ளைக்கு எண்ணெய் வைத்து, இழுத்துச் சீவி, பின்னிவிடுவதுதான் நம் அம்மாமார் வழக்கம். இந்தப் பரிசோதனையைக் கெடுக்கும் காரியங்களில் அந்த அன்புக்கு முதல் இடம்.

எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. தலைத்தோலுக்கும் அதன்மேல் ஒட்டும் ‘மின்வாய்’ என்ற சின்ன உலோகக் கிண்ணத்துக்கும் நடுவில் உப்புப் பசை ஒன்று இருக்கும். மூளையின் மின்னழுத்தம் அந்தப் பசை வழியாகத்தான் வயருக்கு வர வேண்டும். தோலில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அந்த வழி அடைபடும். வரவேண்டியதும் பெரிய அழுத்தம் ஒன்றும் இல்லை. தலைத்தோலில் அளக்கும்போது கிடைப்பது ஏறக்குறைய 10 முதல் 100 மைக்ரோவோல்ட் வரைதான். நெஞ்சில் அளக்கும் இருதய மின்துடிப்பு 1000 மைக்ரோவோல்ட் அளவில் இருக்கும். சுவரில் உள்ள பிளக்கில் 230 வோல்ட். 50 மைக்ரோவோல்ட் மூளை அலையோடு ஒப்பிட்டால் பிளக் 46 லட்சம் மடங்கு பெரியது. தேயிலை ஃபெக்டரி ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் வாசலில் நின்று, உள்ளே ஒருவர் முணுமுணுப்பதைக் கேட்டு எழுதுகிற வேலை இது.

இந்த முணுமுணுப்பை மனிதத் தலையில் முதலில் பதிந்தவர் ஹான்ஸ் பேர்கர். ஜேர்மனியில் யேனா நகரத்து மனநோய் வைத்தியர். அவருக்கு முன்னும் ஆட்கள் உண்டு: லிவர்பூலில் ரிச்சர்ட் கேட்டன் 1875இலேயே முயல், குரங்கு மூளைகளில் மின்னோட்டம் கண்டு அறிவித்திருந்தார். ஆனால் அவை திறந்த மண்டைகள். பேர்கர் தேடிப் போனதோ வேறு ஒன்றை. 1890களின் தொடக்கத்தில் குதிரைப்படைப் பயிற்சியில் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போகவிருந்தவர் மயிரிழையில் தப்பினார். அதே நாள் வீட்டில் இருந்த அக்காவின் மனதில் ஏதோ தட்ட, அப்பாவைக் கொண்டு தம்பிக்குத் தந்தி அடிக்கச் சொன்னாராம். ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்குப் போகும் சக்தி ஒன்று உண்டு, அதை அளக்க முடியும் என்று பேர்கர் நம்பிவிட்டார். வான்சாஸ்திரம் படிக்க நினைத்தவர் வைத்தியத்துக்கு மாறினார். மூளையின் இரத்த ஓட்டத்தை அளந்தார், வெப்பத்தை அளந்தார், கடைசியில் மின்சாரத்துக்கு வந்தார்.

1924 ஜூலை 6ஆம் திகதி, 17 வயதுப் பையன் ஒருவனுக்கு நிக்கோலாய் குலேக்கே என்ற சத்திரசிகிச்சை நிபுணர் மூளை அறுவை செய்தபோது பேர்கருக்கு முதல் பதிவு கிடைத்தது. கையில் இருந்தது இருதயத் துடிப்பைப் பதிவதற்கென்று வந்த இழைக் கல்வனோமானி, சின்ன மின்னோட்டத்தை அளக்கும் கருவி. ஒளிப்படத் தாளில் ஒரு நடுக்கக் கோடு. மற்றவர்கள் என்றால் அடுத்த மாதமே அச்சுக்கு அனுப்பியிருப்பார்கள். பேர்கரின் கட்டுரை வெளிவந்தது 1929இல்.

அந்த ஐந்து வருடமும் அவர் தன்னைத்தானே குறுக்கு விசாரணை செய்தார். இது மூளையா, அல்லது மண்டைக்குள் இரத்தக் குழாய் துடிப்பதா? இருதயத் துடிப்பையும் பக்கத்திலேயே பதிந்து, இரண்டும் சேர்ந்து போகிறதா என்று பார்த்தார். மூச்சா? தோலா? கண் அசைவா? தசையா? ஊசியைத் தோலுக்கு அடியில் வைத்தார், எலும்பு அகற்றப்பட்ட இடத்தில் வைத்தார், துத்தநாக ஊசியை மாற்றி வெள்ளிக் கம்பி வைத்தார், ஈயத்தகடு ஒட்டினார். சொந்த மகன் கிளவுசின் தலையிலும் பதிந்தார். அலையைக் கண்டதைவிட, கண்ட அலையை இத்தனை காலம் நம்ப மறுத்ததுதான் பேர்கர் வைத்துவிட்டுப் போன பெரிய சொத்து என்று எனக்குப் படுகிறது. தேடிய மனசக்தி அவருக்கு அகப்படவில்லை. தேடலுக்காகப் பழகிய சந்தேகம் மட்டும் இன்று ஒவ்வொரு ஈ.ஈ.ஜி அறையிலும் அன்றாட வேலைமுறையாக இருக்கிறது.

அந்த வேலைமுறை ஒரு அளவுநாடாவோடு தொடங்கும். மூக்கின் வேர்ப்பள்ளத்திலிருந்து பிடரியில் தட்டுப்படும் எலும்பு மேடு வரை உச்சி வழியாக அளப்பார்கள். வளர்ந்தவர் ஒருவருக்கு அது 35 சென்டிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். முதல் புள்ளி 10 சதவீதத்தில், அதாவது 3.5இல். அதன்பிறகு 20 சதவீதம் 20 சதவீதமாக: 10.5, 17.5, 24.5, 31.5. உச்சி 17.5இல் வரும். காதுக்கு முன்னால் உள்ள குழியிலிருந்து மறுகாதுக்கும் இதே கணக்கு, தலையைச் சுற்றியும் இதே கணக்கு. இடப்பக்க மின்வாய்களுக்கு ஒற்றை எண், வலப்பக்கத்துக்கு இரட்டை எண். ஹேர்பேர்ட் ஜாஸ்பர் 1958இல் வெளியிட்ட இந்த ‘பத்து இருபது’ முறையில் காது இரண்டும் சேர 21 இடங்கள். அளக்காமல் கண்மதிப்பில் ஒட்டினால் என்ன என்று கேட்கலாம். இடப்பக்கத்து மின்வாய்கள் இரண்டுக்கு இடையில் 6 சென்டிமீற்றரும் வலப்பக்கத்தில் 5 சென்டிமீற்றரும் விழுந்தால், இடப்பக்க அலை பெரிதாகவும் வலப்பக்க அலை சிறிதாகவும் தெரியும். அறிக்கை எழுதுபவர் வலப்பக்க மூளையில் பழுது தேடுவார். பழுது நாடாவில் இருந்திருக்கும்.

புள்ளி போட்ட இடத்தில் முடியை வகிர்ந்து, சொரசொரப்பான பசையால் தோலை மெல்லத் தேய்க்க வேண்டும். மேல்தோலின் செத்த படை போனாலே போதும். சிவக்கத் தேய்ப்பது வேலை தெரியாத கை. பிறகு கிண்ணத்தில் கடத்தும் பசையை நிரப்பி ஒட்டுவது. நம் பெண்பிள்ளைகளின் அடர்ந்த முடியில் இதற்கே அரை மணி நேரம் போய்விடும். பசையைத் தாராளமாக அப்பினால் நல்லது என்று நினைப்பது இன்னொரு பிழை. பக்கத்துப் பக்கத்து மின்வாய்களின் பசை வழிந்து ஒன்றாகிவிட்டால், இரண்டும் ஒரே மின்வாய் ஆகிவிடும். அவற்றுக்கு இடையே எடுக்கும் கோடு தட்டையாகிவிடும். மூளை அந்த இடத்தில் ‘அமைதியாக’ இருப்பது போலத் தோன்றும்.

ஒட்டி முடிந்ததும் ஒவ்வொன்றின் மின்தடையையும் இயந்திரத்தில் பார்ப்பார்கள். 5 கிலோஓமுக்குக் கீழே என்பது பழைய கண்டிப்பு. இன்றைய பெருக்கிகளுக்கு 10 வரை பரவாயில்லை. எண் குறைவாக இருப்பதைவிட எல்லாம் ஒரே அளவில் இருப்பது முக்கியம். பெருக்கி செய்வது கழித்தல். இரண்டு மின்வாய்களுக்கும் பொதுவாக வரும் சத்தத்தைக் கழித்துவிட்டு வித்தியாசத்தை மட்டும் பெருக்கும். சுவர் வயரிலிருந்து வரும் 50 ஹேர்ட்ஸ் இரைச்சல், அதாவது செக்கனுக்கு 50 தடவை ஆடுவது, இரண்டிலும் ஒரே அளவில் இருந்தால் கழிந்துபோகும். ஒன்று 3 கிலோஓமிலும் மற்றது 30இலும் இருந்தால் இரைச்சல் சமமாக வராது, மிச்சம் நிற்கும், கோடு தடித்துக் கறுத்துப்போகும். அந்தக் கறுப்பு ஒரு மின்வாயில் மட்டும் என்றால் அதைக் கழற்றித் திரும்ப ஒட்ட வேண்டும். எல்லாக் கோட்டிலும் என்றால் நில இணைப்பு மின்வாயைப் பார்க்க வேண்டும், அல்லது கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடக்கும் போனை. நுவரெலியா 1868 மீற்றர் உயரம். அங்கே குளிருக்குப் போட்ட ஹீட்டரும் சந்தேக நபர்தான். ஹீட்டரை நிறுத்தினால் ஆள் நடுங்குவார், நடுக்கம் தசை இரைச்சலாகப் பதியும். ஹீட்டரை நிறுத்தி இரண்டு கம்பளி கொடுப்பதே வழி. 50 ஹேர்ட்ஸை வெட்டும் வடிகட்டி எல்லா இயந்திரத்திலும் உண்டு. முதல் நிமிடத்திலேயே அதைப் போட்டுவிடுவது, கசியும் கூரைக்குக் கீழே வாளி வைப்பதைப் போல. அழுக்கு மறையும், கழன்ற மின்வாய் கழன்றபடியே இருக்கும்.

தசையும் கண்ணும் பேர்கரைப் படுத்தியவை; நாக்கையும் சேர்த்து மூன்றும் இன்றும் படுத்துபவை. கண் ஒரு சின்ன பற்றரி: முன்பக்கம் நேர், பின்பக்கம் எதிர். இமைத்தால் கண்மணி மேலே சுழலும், நெற்றி மின்வாய்களில் பெரிய அலை விழும். நாக்கும் அப்படித்தான், நுனி எதிர். வெற்றிலையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு படுத்திருக்கும் தாத்தா நாக்கால் அதை மெல்ல நகர்த்தினால் போதும், முன்மூளையில் மெதுவான அலை ஓடுவது போலவே தெரியும். மென்றால் பொட்டுப் பகுதித் தசை முழுத்தாளையும் கறுப்பாக்கும். ஆகவே வாயைக் கொப்பளித்துவிட்டு வரச் சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. சந்தேகம் தீராவிட்டால் “லா லா லா” என்று சொல்லச் சொல்லிப் பார்க்கலாம். அதே அலை திரும்ப வந்தால் ஆள் நாக்குத்தான். ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் பின்னேர இடிமழை வேறு. ஒவ்வொரு மின்னலுக்கும் எல்லாக் கோடும் ஒரே நேரத்தில் குதிக்கும். மூளையில் எதுவும் அப்படி எல்லா இடத்திலும் துல்லியமாக ஒரே கணத்தில், ஒரே வடிவத்தில் குதிக்காது. இடி கிட்ட வந்துவிட்டால் பதிவை நிறுத்தி வயரைக் கழற்றுவதுதான் புத்தி.

இத்தனை வேஷங்களையும் கழித்த பிறகு மிஞ்சுவதைப் பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லுங்கள். பிடரிப் பக்கத்தில் செக்கனுக்கு 8 முதல் 13 வரை, பெரும்பாலும் 10 அளவில் ஒரு சீரான அலை எழும்பும். கண்ணைத் திறந்ததும் படுத்துவிடும். பேர்கர் ‘அல்பா’ என்று பெயரிட்டது இதை. திறந்த கண்ணின் வேகமான சிற்றலையை ‘பீற்றா’ என்றார். அவருடைய 1929ஆம் ஆண்டுக் கட்டுரைப் படத்தில் மூளைக் கோட்டுக்குக் கீழே செக்கனுக்கு 10 தடவை ஆடும் நேரக்கோடு ஒன்று ஓடும். இரண்டையும் கண்ணாலேயே ஒப்பிடலாம். ஜேர்மனிக்குள் அவரைப் பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1934இல் கேம்பிரிட்ஜில், ஏற்கெனவே நோபல் பரிசு வாங்கியிருந்த எட்கார் ஏட்ரியன், மத்தியூஸ் என்பவரோடு சேர்ந்து அதே பரிசோதனையைச் செய்து, அலை மெய்தான் என்று உறுதிசெய்து, அதற்கு ‘பேர்கர் லயம்’ என்றே பெயர் வைத்தார். நம் ஊரில் லயம் என்றால் பத்தடி அறைகளின் வரிசை. அவர் சொன்னது தாள லயம். அல்பா மூளை முழுவதும் சேர்ந்து ஆடுவது என்று பேர்கர் எண்ணியிருந்தார். அது பிடரிப் பக்கத்துப் பார்வைப் புறணியில், அதாவது பார்வையைக் கவனிக்கும் மூளை மேற்படையில், பிறப்பது என்று காட்டியதும் ஏட்ரியன் குழுதான்.

‘அல்பா நிலைத் தியானம்’ என்று விளம்பரம் போட்டுக் காசு வாங்குகிறார்கள். கண்ணை மூடிச் சும்மா இருந்தாலே அல்பா வரும், இலவசம். சில சுகதேகிகளுக்கு அது தெளிவாகவே வராது, அதிலும் குற்றமில்லை.

அலை என்று ஒன்று வெளியே தெரிவதற்குக் காரணம் என்ன? ஒரு நரம்புக்கலத்தின் மின்சாரம் மண்டையோட்டைத் தாண்டி வராது. புறணியில் கூம்பு வடிவக் கலங்கள் பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. அவற்றின் கிளைகளில் மற்றக் கலங்களிடமிருந்து வரும் சமிக்ஞைகள் மெதுவான மின்னழுத்தங்களை உண்டாக்கும். பல சதுர சென்டிமீற்றர் பரப்பில் உள்ள கலங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால்தான் தோலுக்கு வந்து சேரும். ஒருவர் பேசினால் எதிர்மலை லயத்துக்குக் கேட்காது. காமன் கூத்துத் தப்பு கேட்கும், எல்லோரும் ஒரே அடியில் அடிப்பதால். இங்கே ஒரு முரண் உண்டு: மூளை மும்முரமாக வேலை செய்யும்போது கலங்கள் ஆளுக்கொரு அடியில் போகும், அலை சிறுக்கும். பெரிய, மெதுவான, ஒழுங்கான அலை என்றால் ஆழ்ந்த தூக்கம் அல்லது நோய். செக்கனுக்கு 4க்குக் கீழே டெல்ற்றா, 4 முதல் 8 வரை தீற்றா. ஆனால் பிள்ளைகளுக்கு வேறு கணக்கு. மூன்று வயதில் பிடரி லயம் 8 அளவில்தான் வரும். வளர்ந்தவர் அளவை வைத்துப் பிள்ளையின் தாளை வாசித்தால் எல்லாப் பிள்ளையும் நோயாளியாகும்.

பேர்கருக்குப் பின் இந்தத் துறை ஒரு காடாகவே வளர்ந்துவிட்டது. மிர்சியா ஸ்ரெரியாடே தூக்கத்தில் செக்கனுக்கு ஒரு தடவைக்கும் குறைவாக ஆடும் மெதுவான அலையை 1993இல் விவரித்தார். எலியின் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதியில் தீற்றா அலையின் எந்தக் கட்டத்தில் ஒரு கலம் மின்துடிப்பு விடுகிறது என்பதே எலி எங்கே நிற்கிறது என்று சொல்லும் என்பதை அதே வருடம் ஓகீஃபும் ரெச்சேயும் காட்டினார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு உடனே உதவுவது இவற்றையெல்லாம்விட 1935இல் பொஸ்டனில் கிப்ஸ், டேவிஸ், லெனொக்ஸ் கண்டதுதான்: சில நொடி வெறித்துப் பார்த்துவிட்டுப் பழையபடி பேசத் தொடங்கும் பிள்ளைகளின் மூளையில், அந்த நொடிகளில் மட்டும், செக்கனுக்கு 3 என்ற கணக்கில் முள்ளும் அலையுமாக ஒரு கோலம் எழுகிறது.

வகுப்பில் “கவனமில்லாத பிள்ளை” என்று பெயர் வாங்கிய பிள்ளைக்கு இது இருக்கலாம். விழுவதும் இல்லை, கைகால் இழுப்பதும் இல்லை; ஆகவே யாரும் வலிப்பு என்று நினைப்பதில்லை. அறையில் இதை வரவழைக்க எளிய வழி, 3 நிமிடம் ஆழமாக மூச்சு விடச் சொல்வது. சின்னப் பிள்ளையிடம் காகிதக் காற்றாடி கொடுத்து ஊதச் சொல்லலாம். வைத்தியம் தொடங்காத பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு இதிலேயே வந்துவிடும். ஆஸ்துமா கடுமையாக இருந்தாலோ, அண்மையில் பக்கவாதம் வந்திருந்தாலோ, இருதயக் கோளாறு இருந்தாலோ இந்தப் பகுதியைச் செய்யமாட்டார்கள். முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். வெறும் வயிறோடும் வரக்கூடாது. இரத்தத்தில் சீனி குறைந்தால் மூச்சு விடும்போது மெதுவலைகள் அளவுக்கு மிஞ்சிப் பெருகும், சாதாரணமான பிள்ளையின் தாளும் பயங்காட்டும். விடியற்காலை மூன்று மணிக்குப் புறப்படுகிறவர்கள் ரொட்டியும் சம்பலும் கட்டிக்கொண்டு வந்து, முறை வருமுன் கொடுத்துவிட வேண்டும்.

3 ஹேர்ட்ஸ் கோலம் தெரிந்தால் மருந்தே மாறும். பொதுவாகக் கொடுக்கப்படும் கார்பமசெபின் சில வலிப்புகளுக்கு நல்ல மருந்து. இந்த வெறித்தல் வகையை அது கூட்டிவிடும். வல்புரோயேற் இதற்குக் கேட்கும், ஆனால் வயிற்றுப் பிள்ளையைப் பாதிக்கும் என்பதால் வயதுக்கு வந்த பெண்களுக்கு அதை யோசித்துத்தான் எழுதுவார்கள். எந்த மருந்தையும் பரிசோதனைக்காக நீங்களாக நிறுத்தக்கூடாது.

“இரவில் நித்திரை கொள்ளவிடாமல் கூட்டி வாங்க” என்று சொல்லியிருந்தால், அதன் நோக்கம் பிள்ளை கட்டிலில் தூங்குவது. தூக்கம் பிடிக்கும் நேரத்தில்தான் பல முள்ளலைகள் தலைகாட்டும். நடைமுறையில் இது கெடுவது பஸ்சில். இரவெல்லாம் விழித்த பிள்ளை வளைவுப் பாதையில் அம்மா மடியில் இரண்டு மணி நேரம் தூங்கிவிட்டு, ஈ.ஈ.ஜி கட்டிலில் புத்துணர்ச்சியாக விழித்திருக்கும். கூட வருபவர் ஒருவர் பிள்ளையோடு பேசிக்கொண்டே வர வேண்டும்.

பேர்கரைப் பற்றி எழுதுபவர்கள் ஒரு பகுதியை மெதுவாகக் கடந்துபோவார்கள். நாஜிகள் அவரை 1938இல் வலுக்கட்டாயமாக வீட்டுக்கு அனுப்பினார்கள் என்ற கதை நெடுங்காலம் ஓடியது. பிற்கால வரலாற்று ஆய்வுகள் காட்டுவது வேறு. 1933 ஜூலை 14ஆம் திகதிச் சட்டம், பரம்பரை நோய் உள்ளவர்கள் என்று தீர்மானிக்கப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்ய அனுமதித்தது. அந்தப் பட்டியலில் வலிப்பும் இருந்தது. அந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மரபுச் சுகாதார நீதிமன்றத்தில் பேர்கரும் உறுப்பினராக இருந்தார். எந்த நோயை அடையாளம் காண அவருடைய கருவி இன்று உலகம் முழுக்கப் பயன்படுகிறதோ, அதே நோயாளிகளுக்குப் பிள்ளை பெறும் உரிமை இல்லை என்று தீர்ப்புச் சொன்ன மேசையில் அவரும் உட்கார்ந்திருந்தார். தன் கோட்டைச் சந்தேகித்தவர் தன் அரசைச் சந்தேகிக்கவில்லை. 1941 ஜூன் 1ஆம் திகதி, மனச்சோர்வில் இருந்தவர், தற்கொலை செய்துகொண்டார்.

தூரத்து ஜேர்மனியின் கதை என்று இதைத் தள்ளிவைக்க முடியவில்லை. “வலிப்புக்காரி” என்று தெரிந்தால் சம்பந்தம் முறியும் என்று கிளினிக் கொப்பியை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைக்கும் வீடுகள் நம்மிடையே உண்டு. இரும்புச் சாவியைக் கையில் திணிப்பதும், பூசாரியிடம் நூல் கட்டுவதும் அந்த ஒளிப்பின் பகுதிதான். வலிப்பு பெரும்பாலும் தானாகவே ஓரிரு நிமிடத்தில் நிற்கும். அப்போது கையில் சாவி இருந்தால் சாவிக்குப் பேர்.

அறிக்கையில் ‘சாதாரணம்’ என்று வந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தமில்லை. 20, 30 நிமிடப் பதிவில் மூளை முள்ளலை காட்டாமலே இருந்துவிடலாம். வலிப்பு உறுதியான ஆட்களிலும் முதல் பதிவில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு எதுவும் தெரியாது. மறுபக்கமும் உண்டு: வலிப்பே வராத சிலரின் தாளில் கூரான அலைகள் தெரியும், அவற்றுக்காக வருடக்கணக்கில் மருந்து விழுங்கியவர்களும் உண்டு. வலிப்பு என்பதைத் தீர்மானிப்பது நடந்ததைப் பார்த்தவரின் வாய்மொழி. தாள் அதற்குத் துணைச் சாட்சி.

அதனால் அடுத்த தரம் வலிப்பு வரும்போது முதலில் ஆளை ஒருபக்கமாகச் சரித்துவிட்டு, வாயில் ஒன்றும் வைக்காமல், வீட்டில் ஒருவர் போனை எடுக்க வேண்டும். முகமும் இரண்டு கைகளும் கால்களும் ஒன்றாகத் தெரியப் பிடியுங்கள். போர்வையை விலக்குங்கள், விளக்கைப் போடுங்கள். கண் திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது, இழுப்பு எந்தக் கையில் தொடங்கியது என்பதெல்லாம் அதில் விழ வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிடுங்கள், அதுவும் பதியட்டும். இழுப்பு நின்றதும் நிறுத்திவிடாமல், அவர் பேசத் தொடங்கும்வரை எடுத்துக்கொண்டே இருங்கள். ஐந்து நிமிடம் தாண்டியும் நிற்காவிட்டால் போனை வைத்துவிட்டு வண்டி பிடிக்க வேண்டும்.